விதைக்காய்க்குக் கட்டிய துணி

புரட்டாசி 5, ஞாயிறு

மருமகள் நாகஜோதி இன்றைக்கு விதைக்காய்க்குத் துணி கட்டினாள்.

கொல்லையில் குளியல் தண்ணீர் ஓடிப் போய்த் தேங்குகிற மூலையில் நிற்கிற கத்தரிச் செடிதான் உள்ளதிலேயே நல்ல செடி. அதில் நடுக்கிளையில் ஒரு காய் முற்றத் தொடங்கியிருந்தது. பழைய ரவிக்கையில் ஒரு துண்டு கிழித்து அதன் காம்பில் கட்டினாள். துணி கட்டிய காயை யாரும் குழம்புக்குப் பறிக்க மாட்டார்கள். மஞ்சளாகிப் பழுத்து, தோல் செருப்பு மாதிரி தடிக்கிற வரைக்கும் செடியிலேயே கிடக்கும். அப்புறம் அறுத்து, தண்ணீரில் பிசைந்து, மிதக்கிறதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குகிற விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயப்போடுவது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நாற்று யார் பாவினார்களோ அவர்கள் கையால்தான் விதைக்காயை அறுக்க வேண்டும். வேறு கை பட்டால் அடுத்த வருஷம் எல்லாம் சொத்தை விழும் என்பார்கள். விழுந்ததா என்று நான் பார்த்ததில்லை. வேறு கை பட விட்டால்தானே பார்ப்பதற்கு.

இது எங்கள் ஊர்க் கத்தரி இல்லை. வெள்ளையில் ஊதா வரி ஓடும். நாகஜோதி கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா சேலை மடிப்புக்குள் பொட்டலமாக வைத்துக் கொடுத்தது. அந்த அம்மாவும் இப்போது இல்லை.

நேற்று வீரணனுக்குக் கருமாதி முடிந்தது. வீரணன் என் மகன், நாகஜோதியின் வீட்டுக்காரன். போர்வெல் கிணறு போடுகிற லாரியில் வடக்கே வேலை. ஆவணி மாதம் ஒரு பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்கவில்லை.

நாகஜோதியின் அண்ணன் சுருளிவேல் கோடிச் சேலை கொண்டுவந்திருந்தான். கையோடு தங்கச்சியைக் கூட்டிப் போகிறேன் என்று இன்றைக்குக் காலையில் நின்றான்.

"விதைக்காயி முத்தட்டும்ணே. எடுத்துக்கிட்டு வந்துர்றேன்" என்றாள் அவள்.

"கத்திரிக்காய்க்காகவா இங்க கெடக்கப் போற?"

"அம்மா குடுத்த விதைண்ணே."

அவன் என் பக்கம் திரும்பினான். "எம்புட்டு நாளு மாமா ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும்ப்பா" என்றேன். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்தது.


புரட்டாசி 8, புதன்

மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். ஒச்சம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என் சம்சாரம் அப்படிப் படுக்கிற ஆளே கிடையாது. காய்ச்சலிலும் எழுந்து வாசல் தெளிப்பாள். நாகஜோதி கஞ்சி ஊற்றிக் கொடுத்தால் குடிக்கிறாள். கொடுக்காவிட்டால் கேட்பதில்லை.


புரட்டாசி 12, ஞாயிறு

விதைக்காய்க்கு இன்னும் நிறம் மாறவில்லை. நல்லது.

எங்கள் சித்தப்பா ஒருத்தர் இருந்தார். அவரிடம் ஒரு மயிலைக் காளை. வயசாகிவிட்டது, உழவுக்கு ஆகாது. சந்தையில் விற்க ஓட்டிக்கொண்டு போவார். பாதி வழியில் காளை நின்று இவரைத் திரும்பிப் பார்க்கும். சித்தப்பா ஒரு பீடி குடிப்பார். அப்புறம் காளையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். கேட்டால் சந்தையில் கூட்டமில்லை என்பார், மழை வரும்போல இருந்தது என்பார், தரகன் மூஞ்சி சரியில்லை என்பார். வாராவாரம் இதே கதை. சித்தி தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் தரகனே வீட்டுக்கு வந்து கயிற்றைப் பிடித்தான். காளை அவன் பின்னால் நடந்தது பாருங்கள், தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "நாயி, திரும்பிப் பாக்குதான்னு பாரு" என்று அதற்கப்புறம் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதை எதற்குச் சொல்ல வந்தேன் என்று மறந்துபோயிற்று.


புரட்டாசி 19, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பஞ்சு மதினி மோர் கேட்டு வந்தார். கொடுத்தேன். மோரை வாங்கிக்கொண்டு கொல்லையை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க தவசிக் கொழுந்தனாரே, ஒத்தக் கத்திரிக்காய்க்கு ரவிக்கத் துணி கட்டிவிட்டு நீங்க காவலுக்கு உக்காந்திருக்கீங்களே. எவனும் பொண்ணு கேட்டு வந்துருவானா?"

"விதைக்காயி மதினி."

"தெரியுது, தெரியுது. மருமக எப்பப் போறா?"

"விதை எடுக்கணும்ல."

"எங்க வீட்டுல எல்லாம் வெரசா எடுத்துருவோம்ப்பா. ஒங்க காயி என்ன பிள்ளத்தாச்சியா, மாசம் பாத்துக்கிட்டுக் கெடக்கு?"

மதினிக்கு வாய் அப்படி. நாகஜோதிகூட லேசாகச் சிரித்தாள். வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒச்சம்மா திரும்பிப் படுத்தாள். இன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்.


புரட்டாசி 25, சனி

காய் அடிப்பக்கம் மஞ்சள் ஏறிவிட்டது. வெயில் கூடுதல். இந்த வருஷம் எல்லாமே சீக்கிரம் பழுக்கிறது.


புரட்டாசி 28, செவ்வாய்

நாகஜோதி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கத்தரிக்குத் தண்ணீர் விட்டேன். விதைக்காயில் சொத்தை மாதிரி தெரிந்தது. பறித்து, கொல்லைக் கடைசியில் உள்ள குப்பைக்குழியில் போட்டு, காலால் மண்ணைத் தள்ளிவிட்டேன். பிளந்து பார்த்திருக்கலாம். மாடு கத்தியது, போய்விட்டேன்.

துணியை அதே செடியில் மேல்கிளைப் பிஞ்சு ஒன்றில் கட்டினேன். நல்ல பிஞ்சு. நிதானமாகப் பழுக்கும்.

சாயங்காலம் அவள் பார்த்துவிட்டாள்.

"மாமா, காயி சின்னதாயிருச்சா?"

"பழசு சொத்தைம்மா. வேற கட்டிருக்கேன்."

"சொத்தையா?"

"ஆமா."

"சரி மாமா" என்று அரிசி புடைக்கப் போய்விட்டாள்.


ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. பஞ்சு மதினி அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வீரணன் எந்தத் தீபாவளிக்கும் ஒழுங்காக வந்ததில்லை. லாரி ஓரிடத்தில் நின்றுவிடும், இல்லாவிட்டால் ரயிலில் இடம் கிடைக்காது. பொங்கலுக்குத்தான் வருவான்.


ஐப்பசி 7, வெள்ளி

மழை. மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது.


ஐப்பசி 12, புதன்

இன்றைக்கு ஒரு விஷயம். மழை விட்டதும் கொல்லைக்குப் போனேன். துணி நான் கட்டிய காயில் இல்லை. அடுத்த செடியில், பூ உதிர்ந்து சுண்டைக்காய் அளவில் இருக்கிற ஒரு பிஞ்சில் கட்டியிருந்தது. நான் கட்டவில்லை. ஒச்சம்மா படுக்கையை விட்டு எழுவதில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். நாகஜோதி கரண்டியோடு நின்று பார்த்தாள்.

அவளைப் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் போன அன்றைக்கு அவர்கள் வீட்டில் இந்த வரிக்கத்தரிக் குழம்புதான். காம்பை மட்டும் விட்டு நாலாய்க் கீறி, முழுசாய்ப் போட்ட குழம்பு. வீரணன் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கப்படுகிறான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த அம்மா ஊற்றிக்கொண்டே இருக்கிறார், இவன் பிசைந்துகொண்டே இருக்கிறான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒச்சம்மா கேட்டாள், "பொண்ணு எப்பிடிடா?" என்று. அவன் முழித்தான். "குழம்பு நல்லாருந்துச்சும்மா" என்றான். பஸ்ஸே சிரித்தது. கடைசியில் பெண்ணைப் பார்க்க இன்னொரு நாள் தனியாகப் போய்வந்தான். அன்றைக்கும் குழம்பு உண்டு.

போகிற எண்ணம் இருக்கிறவள் பிஞ்சில் எதற்குத் துணி கட்டுகிறாள்? அதைத்தான் சொல்கிறேன்.


ஐப்பசி 16, ஞாயிறு

சுருளிவேல் வந்தான். நாகஜோதி மாவு அரைக்கப் போயிருந்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கீழே வைத்தான்.

"மாசம் முடிஞ்சிருச்சு மாமா. துணி கட்டுன காயப் பாத்தேன். கோலிக்குண்டு கணக்கா இருக்கு. என்ன நடக்குது இங்க?"

"மழை, பழுக்கல."

"மழைக்குக் காயி சிறுத்தா போகும்?"

"சுருளி, வெளிப்படையாச் சொல்றேன். அவளுக்கு அங்கிட்டு வர இஷ்டம் இல்லப்பா."

"அவ சொன்னாளா?"

"வாயத் தெறந்து சொல்லணுமா? நடக்குறதப் பாத்தாத் தெரியாதா?"

"நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன்."

"எதுக்குக் கேட்டு அவள அழ வைக்கிற? இது அவ வீடு. இருந்துட்டுப் போகட்டும்."

அவன் எழுந்துவிட்டான். "எந்தங்கச்சி வயசு என்ன மாமா? அவள மூலையில ஒக்கார வச்சு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா? கத்திரிக்காயக் காட்டி ஏமாத்துறீங்க. எனக்கு ஒறைக்குது."

"வார்த்தைய அளந்து பேசுப்பா."

"இனிமே இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன். அவளா வந்தா வரட்டும்."

வண்டியை உதைத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்து நாகஜோதி மாவுத் தூக்கோடு வந்தாள்.

"அண்ணே வந்துச்சா மாமா? வண்டிச் சத்தம் கேட்டுச்சே."

"வந்தான். அவசரமாம், போயிட்டான்."

அவள் சொம்பைப் பார்த்தாள். தண்ணீர் நிறைய இருந்தது. எடுத்துப் போய்ச் செடியில் ஊற்றினாள்.


ஐப்பசி 18, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. மாடு சரியாகத் தின்னவில்லை.


ஐப்பசி 20, வியாழன்

"மாமா, இங்கிட்டு வாங்க" என்று கொல்லைக் கடைசியிலிருந்து கூப்பிட்டாள்.

போனேன். குப்பைக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே இடத்தில் கொத்தாக நாற்று முளைத்திருந்தது. புல் மாதிரி நெருக்கமாக, தண்டில் ஊதா ஏறி.

"என்ன நாத்து மாமா இது?"

"குப்பையில எது வேணா முளைக்கும்மா. தக்காளியா இருக்கும்."

"கத்திரி நாத்து எனக்குத் தெரியாதா?" ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "சொத்தக்காயி இப்பிடியா முளைக்கும்?"

மழை விட்ட வெயில் முதுகில் சுட்டது. நாற்று கையில் கிடந்தது. ரொம்ப லேசாக இருந்தது.

"நீயும்தானம்மா துணிய மாத்திக் கட்டுன" என்றேன்.

"நானா? நான் எதுக்கு மாத்தணும்?"

"பின்ன யாரு?"

"நான்தான் கட்டுனேன்" என்று பின்னால் சத்தம் கேட்டது. ஒச்சம்மா. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையைப் புருவத்தில் வைத்திருந்தாள். "நீங்க மாத்துனத ஜன்னல் வழியாப் பாத்தேன். அதுவும் பெருசாயிருச்சேன்னு நான் ஒண்ணு கட்டுனேன்."

நாகஜோதி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழி ஓரத்திலேயே மண்ணில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணங்கிட்ட எனக்கு வர இஷ்டமில்லன்னு சொன்னீங்களாமே மாமா. போன்ல அழுதுச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கையில் கிடந்த நாற்றைக் குழி ஓரத்தில் வைத்தேன்.

"நான் இங்க அடுப்புப் பத்த வச்சு, தண்ணி எடுத்து, துணி காயப் போட்டுக்கிட்டு இருக்குற வரைக்கும் ஒங்களுக்கு அவரு வேலைக்குப் போயிருக்காரு. தீபாவளிக்கு வரல, பொங்கலுக்கு வருவாரு. அப்பிடித்தான மாமா?"

"அப்பிடியெல்லாம் இல்லம்மா."

"அப்பிடித்தான். அவரு சட்டையெல்லாம் கொடியில அப்பிடியே கெடக்கு. எடுக்கப் போனா அத்தை மொகத்தத் திருப்பிக்கிறாங்க. இந்த வீட்டுல ஒருத்தர் வாயில இருந்தும் அந்த வார்த்த வரல. எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரிஞ்சு நான் எப்பிடி இங்க இருக்குறது?"

"எங்கள விட்டுட்டுப் போயிருவியாடி?" என்றாள் ஒச்சம்மா.

"ஆமாத்தே" என்றாள் நாகஜோதி. மெதுவாகத்தான் சொன்னாள். "மொதல்ல விதைக்காகத்தான் இருந்தேன். அப்புறம் ஒங்களப் பாத்து இருந்தேன். இப்ப முடியல. தையல் மிஷின் அங்க கெடக்கு. போய் ஒக்காந்து எதாச்சும் தைக்கணும்."

பஞ்சு மதினி வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்து குப்பையைக் கிளறப் பார்த்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதை விரட்டினோம்.


ஐப்பசி 23, ஞாயிறு

சுருளிவேலுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுத்தான்.

"தவசி பேசுறேன்ப்பா."

"சொல்லுங்க."

"நான் சொன்னது பொய்யி. அவ அப்பிடிச் சொல்லல."

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்து கூட்டிட்டுப் போயேன்ப்பா."

"அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் மாமா."

"அப்ப நானே கொண்டாந்து விடுறேன்."

"நீங்களா?"

"வியாழக்கெழமை வர்றோம். கொஞ்சம் மண்ணு கொத்தி வையி. நாத்து இருக்கு."


ஐப்பசி 26, புதன்

எண்ணெய் டின் ஒன்றை மேலே வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். நாகஜோதி நாற்றை மண்ணோடு பெயர்த்து அடுக்கினாள். வேர் அறுகாமல் விரலை உள்ளே விட்டு எடுத்தாள். நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன்.

"துணி கட்டுன பிஞ்சு பழுத்தா நீங்களே அறுத்துக்கங்க மாமா."

"நான் பாவல. என் கை படக் கூடாதும்மா."

"நீங்க அறுத்தாலும் சொத்தையாகாது. நான் சொல்றேன்."

அப்புறம் கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்து மடித்தாள். ஒச்சம்மா முகத்தைத் திருப்பவில்லை. மடித்ததை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.


ஐப்பசி 27, வியாழன்

காலைப் பஸ்ஸில் போனோம். டின் என் மடியில். அதைக் கீழே வைக்கலாம் என்று அவள் சொன்னாள், நான் வைக்கவில்லை. வழியில் ஆடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை ஒரு மிதி மிதித்தார். மண் கொஞ்சம் வேட்டியில் கொட்டியது.

"பெரியவரே, நாத்துக்கு டிக்கெட்டு எடுத்தீங்களா?" என்றார் கண்டக்டர்.

"கைப்பிள்ளைக்கு டிக்கெட்டு கெடையாதுய்யா" என்றாள் நாகஜோதி. எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

சுருளிவேல் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் டின்னை வாங்கினான். அப்புறம் "வாங்க மாமா" என்றான். வீட்டுக்குப் பின்னால் பாத்தி கொத்திப் போட்டிருந்தான், நன்றாகவே கொத்தியிருந்தான். நாகஜோதி சேலையைச் செருகிக்கொண்டு உடனே நட உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று நினைவில்லை. கிளம்பும்போது அவள் கையெல்லாம் மண். எழுந்து வந்தாள்.

"பாத்துப் போங்க மாமா. அத்தைக்கு மாத்திரை அலமாரியில மேல்தட்டுல இருக்கு."

"சரிம்மா."

அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தபோது மறுபடியும் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு ஆள். வாழைத்தார் வியாபாரியாம். விலை எல்லாம் சொன்னார். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், ஒருத்தன் போலீஸாம், ஒருத்தன் சும்மா இருக்கிறானாம். அந்தச் சும்மா இருக்கிறவனைப் பற்றித்தான் நிறையச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்கண்ணே?"

"ஒரே மகன்."

"என்ன பண்றாரு?"

போர் லாரியில வடக்கே இருக்கான் என்றுதான் வாய் போனது. எத்தனையோ வருஷம் சொன்ன பதில், தானாக வரும். பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"செத்துப் போனான்" என்றேன்.

அந்த ஆள் எழுந்து ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். எங்கள் ஊர் வருகிற வரைக்கும் வாழைத்தார் பேச்சும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாயவில்லை. ஒச்சம்மா மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள்.

"விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

"அழுதாளா?"

"இல்ல. நட்டுக்கிட்டிருந்தா."

கை கால் கழுவினேன். அவள் தண்ணீர் ஊற்றினாள்.

"பஸ்ஸுல ஒருத்தர்கிட்ட சொன்னேன்" என்றேன்.

"என்னத்த?"

"அவனப் பத்திக் கேட்டாரு. சொல்லிட்டேன்."

ஒச்சம்மா சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். அப்புறம் என் எதிரில் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.